வேட்டை மீனும் இரைமீனும் வலையும்



ஏட்ரியாட்டிக் கடலின் வடகோடியில் ஃபியூமே என்றொரு துறைமுகம் உண்டு. இன்று அது குரோவேஷியாவில், ரியேகா என்ற பெயரில் இருக்கிறது. 1914இல் அந்த ஊர்ச் சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகைகளின் பங்கு நூற்றுக்கு 11.9. மறு ஆண்டு 21.4. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 22.1, 21.2. முதல் உலகப் போர் முடிந்த 1918இல் 36.4. அதன் பிறகு இறங்குமுகம்: 27.3, 16.0, 15.9, 14.8. 1923இல் 10.7. போர்க் காலத்தில் அந்தக் கடல் கடற்படைகளின் களமாக இருந்ததால் மீன்பிடிப் படகுகள் வெளியே போவது வெகுவாகக் குறைந்திருந்தது. போர் ஓய்ந்ததும் வலைகள் மறுபடி இறங்கின. வலை ஓய்ந்த காலத்தில் சுறாவும் திருக்கையும் பங்கில் ஏறியிருக்கின்றன, வலை திரும்பியதும் இறங்கியிருக்கின்றன.

இந்தக் கணக்கைத் தொகுத்தவர் உம்பெர்தோ தான்கோனா என்ற இளம் இத்தாலிய விலங்கியலாளர். திரியெஸ்தே, ஃபியூமே, வெனிஸ் ஆகிய மூன்று ஊர்ச் சந்தைப் பதிவுகளையும் அவர் ஆராய்ந்தார். அவரைக் குடைந்த கேள்வி இதுதான். மீன்பிடி குறைந்தால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? மற்ற மீனைத் தின்று வாழும் மீனின் பங்கு மட்டும் ஏன் ஏற வேண்டும்? இரை பெருகியது, அதனால் தின்பவையும் பெருகின என்று சொல்லிவிடலாம். ஆனால் அது இரண்டும் பெருகியதற்குத்தான் காரணமாகும், விகிதம் மாறியதற்கு ஆகாது. அந்தக் கேள்வியை அவர் தம் வருங்கால மாமனாரிடம் கொண்டுபோனார்.

மாமனார் வீட்டோ வோல்டெரா. 1860இல் பிறந்தவர், ரோம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், இத்தாலியின் மேலவை உறுப்பினர். கேள்வி வந்தபோது அவருக்கு வயது 65. மீன்வளம் அவர் துறையே அன்று. ஆயினும் 1926இல் அவர் வெளியிட்ட விடை, மீன்வளக் கணிதத்தின் முக்கியத் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று ஆயிற்று. ஏறத்தாழ அதே சமன்பாடுகளை ஆல்ஃபிரட் லோட்கா என்பவர் அமெரிக்காவில் 1925இல் ஒரு நூலில் தனியே எழுதியிருந்தார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்து லோட்கா–வோல்டெரா மாதிரி என்கிறோம். வோல்டெராவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1931இல் பாசிச அரசு எல்லாப் பேராசிரியர்களையும் விசுவாச உறுதிமொழி எடுக்கச் சொன்னது. ஏறக்குறைய 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் பேர்தான். அவர்களில் இவர் ஒருவர். பதவி போயிற்று. கணக்கில் காட்டிய நேர்மையை வாழ்க்கையிலும் காட்டிய மனிதர்.

இனி அவருடைய கணக்கு. வகைக்கெழுச் சமன்பாடு என்ற பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம், வாய்மொழியாகவே சொல்லிவிடலாம். கடலில் இரண்டே வகை மீன்கள். ஒன்று இரைமீன், மற்றது அதைத் தின்னும் வேட்டை மீன். தின்பவை இல்லாவிட்டால் இரைமீன் தன்பாட்டுக்குப் பெருகும். தீனி இல்லாவிட்டால் வேட்டை மீன் தன்பாட்டுக்குக் குறையும். இரண்டும் சந்திக்கும்போது ஒன்றுக்கு இழப்பு, மற்றதற்கு வரவு. எத்தனை சந்திப்புகள் என்பது இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் தொகையைப் பொறுத்தது. மாதிரி முழுவதும் இவ்வளவுதான்.

எண்கள் போட்டுப் பார்ப்போம். இவை எந்தக் கடலிலும் அளந்தவை அல்ல, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இரைமீனின் பெருக்க வீதம் ஆண்டுக்கு 1. அதிலிருந்து வேட்டை மீன் எண்ணிக்கையின் நூற்றில் ஒரு பங்கு கழிய வேண்டும். வேட்டை மீனின் இறப்பு வீதம் ஆண்டுக்கு 0.5. இரைமீன் எண்ணிக்கையை 2,000ஆல் வகுத்தால் வருவது அதன் வரவு. இரண்டும் அசையாமல் நிற்கும் புள்ளி எது? இரைமீன் நிலையாக இருக்க வேண்டுமானால் வேட்டை மீன் 100 இருக்க வேண்டும். வேட்டை மீன் நிலையாக இருக்க வேண்டுமானால் இரைமீன் 1,000 இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். இரைமீன் எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்வது இரைமீனின் பெருக்க வீதம் அன்று. அதைத் தின்பதன் இறப்பு வீதமும் தீனி வரவும்தான். அதே போல வேட்டை மீன் எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்வது இரைமீனின் பெருக்கம். ஒவ்வொன்றின் கணக்கும் மற்றதன் கையில் இருக்கிறது. வோல்டெராவின் விடை முழுவதும் இந்தக் குறுக்குப் பிணைப்பிலிருந்துதான் பிறக்கிறது.

இப்போது வலையை இறக்குவோம். வலை பாரபட்சம் பார்ப்பதில்லை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வகையிலும் இருப்பதில் ஆண்டுக்கு 0.2 வீதம் பிடிக்கிறது. இரைமீனின் பெருக்க வீதம் 1இலிருந்து 0.8 ஆகிறது, அதனால் வேட்டை மீன் 100இலிருந்து 80க்கு இறங்குகிறது. வேட்டை மீனின் இழப்பு வீதம் 0.5இலிருந்து 0.7 ஆகிறது, அதனால் இரைமீன் 1,000இலிருந்து 1,400க்கு ஏறுகிறது. இரண்டையும் ஒரே வீதத்தில் பிடித்தோம். ஆனால் ஒன்று குறைந்தது, மற்றது கூடியது. காரணம், வேட்டை மீனுக்கு இரண்டு பக்கமும் அடி: அதையும் பிடிக்கிறோம், அதன் தீனியையும் பிடிக்கிறோம். இரைமீனுக்கு ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் பகைவன் குறைந்த லாபம்.

உண்மையில் இரண்டும் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. இரைமீன் பெருகும், அதைத் தொடர்ந்து வேட்டை மீன் பெருகும், இரை தீரும், வேட்டை மீன் பட்டினியில் குறையும், மறுபடி இரை தலையெடுக்கும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் எடுத்த எண்களில், சிறிய ஏற்றத்தாழ்வுகளுக்கு ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகும். அப்படியானால் சமநிலைக் கணக்கு எதற்கு உதவும்? வோல்டெரா இதற்குச் சொன்ன பதில் எனக்கு இன்றும் மிகப் பிடித்த ஒன்று. ஒரு சுற்று முடிந்ததும் இரைமீன் தொடங்கிய எண்ணிக்கைக்கே திரும்பி வந்துவிட்டது. எனவே சுற்று முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது பெருகிய வீதமும் தின்னப்பட்ட வீதமும் சரிக்குச் சரி. தின்னப்பட்ட வீதம் வேட்டை மீன் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே அந்தச் சுற்றில் வேட்டை மீனின் சராசரி, சமநிலையில் சொன்ன அதே 100தான். அலை எவ்வளவு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் சராசரி மாறாது. தான்கோனாவின் ஆண்டுச் சராசரிகளை இந்த மாதிரியோடு ஒப்பிடத் துணிந்ததற்கு இதுவே அடிப்படை.

மிதமான மீன்பிடிப்பு இரைமீனைக் கூட்டும், வேட்டை மீனைக் குறைக்கும். மீன்பிடிப்பு நின்றால் இது தலைகீழாகும். ஃபியூமேச் சந்தை காட்டியதும் அதுதான். கடலுக்கு வெளியேயும் இந்த விதி ஓடும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஒரு செதில் பூச்சியை, 1880களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பொறிவண்டு அடக்கியது. பல பத்தாண்டுகள் கழித்து டி.டி.டி. பூச்சிமருந்தைத் தெளித்தபோது செதில் பூச்சி மீண்டும் பெருகியது. மருந்து இரண்டையும் கொன்றது, ஆனால் லாபம் இரைக்கே போயிற்று.

வோல்டெரா ‘மிதமான’ என்று சொன்னதை மறக்கக் கூடாது. என் எண்களில் பிடிப்பு வீதத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். 0.5 வைத்தால் கடலில் வேட்டை மீன் 50, இரைமீன் 2,000. சந்தைக்கு ஆண்டுக்கு வரும் வேட்டை மீன் 25, இரைமீன் 1,000. வீதத்தை 0.8 ஆக்கினால் கடலில் வேட்டை மீன் 20, இரைமீன் 2,600. சந்தைக்கு வருபவை 16, 2,080. இந்த 16 என்ற எண்ணைக் கவனியுங்கள். வீதம் 0.2 இருந்தபோதும் சந்தைக்கு வந்த வேட்டை மீன் 16தான். அன்று கடலில் 80 இருந்தது, இன்று 20 இருக்கிறது. ஏலக்கூடத்தில் நிற்பவருக்கு இரண்டு நாளும் ஒன்றாகத்தான் தெரியும். அதற்கு மேல், இரைமீன் குவிந்து கிடப்பதால் மீன்பாடு அமோகம் என்றே தோன்றும். வீதம் 1ஐத் தொட்டால் வேட்டை மீன் பூஜ்யம். 1ஐத் தாண்டினால் இரைமீனும் பெருக வழியின்றி அழியும். நல்ல மீன்பாட்டுக்கும் அழிவுக்கும் நடுவே இந்த மாதிரியில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, மாதிரியின் குறைகளையும் சொல்வது என் கடமை. ஃபியூமே எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் 11.9, ஒரே ஆண்டில் 21.4. சுறாவும் திருக்கையும் மெதுவாக வளர்பவை. பருவமடையப் பல ஆண்டுகள் எடுப்பவை, குட்டியோ முட்டையோ குறைவாக இடுபவை. பன்னிரண்டு மாதத்தில் அவற்றின் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பானதற்குப் பெருக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. போர்க் காலத்தில் எந்தப் படகு எங்கே போனது, எந்த வலையைப் போட்டது, எதை ஊருக்குக் கொண்டுவந்தது என்பதெல்லாம் மாறியிருக்கும். சந்தையில் உள்ள விகிதம் கடலில் உள்ள விகிதம் ஆகிவிடாது. எனவே அந்த எண்கள் விதியை நிரூபித்தன என்று நான் சொல்ல மாட்டேன். விதியைத் தேட வைத்தன என்று சொல்வேன், அதுவே பெரிய தொண்டு.

மாதிரியிலும் ஓட்டைகள் உண்டு. இரைமீன் எல்லையில்லாமல் பெருகும் என்று அது எண்ணுகிறது. தீனிக்கும் இடத்துக்கும் வரம்பு உண்டு என்பதை வெர்ஹுல்ஸ்ட் 1838இலேயே சமன்பாடாக எழுதியிருந்தார். எவ்வளவு இரை கிடைத்தாலும் வேட்டை மீன் அவ்வளவையும் தின்னும் என்றும் மாதிரி எண்ணுகிறது. தின்பதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை ஹோலிங் 1959இல் கணக்கில் சேர்த்தார். 1963இல் ரோசன்ஸ்வைக், மக்கார்தர் இருவரும் இரண்டையும் இணைத்தார்கள். வயதும் பருவமும் குளிரும் நீரோட்டமும் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இவற்றில் முதல் திருத்தத்தை மட்டும் என் எண்களில் செய்து காட்டுகிறேன், ஏனெனில் அதிலிருந்து வரும் முடிவு கடுமையானது. இரைமீனுக்குக் கடல் தாங்கும் அளவு 4,000 என்று வைப்போம். மற்றவை பழையபடியே. இப்போது இரண்டையும் 0.5 வீதத்தில் பிடித்தாலே வேட்டை மீன் பூஜ்யம் ஆகிவிடுகிறது. முன்பு 1 வரை தாங்கியது இப்போது பாதியிலேயே போய்விட்டது. அப்போது கடலில் இரைமீன் 2,000 இருக்கிறது, சரியாகத் தாங்கும் அளவில் பாதி. மீன்வளம் படித்தவர்களுக்கு இந்தப் பாதி பழக்கமான எண். 1954இல் ஷேஃபர் அமைத்த ஓரின மாதிரியில், மீன் இருப்பு முதல் என்றால் அதன் பெருக்கம் வட்டி. முதல் பாதியளவில் இருக்கும்போது வட்டி அதிகபட்சம், அந்த வட்டியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது. நீடித்துப் பிடிக்கக்கூடிய உச்ச அளவு என்று இதைச் சொல்வார்கள். அந்த விதிப்படி என் இரைமீனுக்கு மிகச் சிறந்த வீதம் 0.5. இரைமீனைக் கவனிக்கும் அதிகாரியின் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும். அதே கடலில், அதே வீதத்தில், வேட்டை மீன் அழிந்திருக்கும். எண்களை மாற்றினால் இந்த இரு புள்ளிகளும் இப்படி ஒன்றாக அமையாமல் போகலாம். ஆனால் இரண்டையும் ஒரே வீதத்தில் பிடிக்கும்வரை, முதலில் அழிவது வேட்டை மீன்தான் என்ற வரிசை இந்த மாதிரியில் மாறுவதே இல்லை.

வட்டியும் முதலும் என்ற அந்தக் கணக்கில் தனக்குரிய வட்டியைத் தின்ன இன்னொரு மீன் காத்திருக்கிறது என்பதற்கு இடமே இல்லை. ராபர்ட் மே முதலான ஐவர் 1979இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார்கள். அண்டார்டிக் கடலில் கிரில் என்ற கூனி போன்ற சிற்றுயிரையும் அதைத் தின்னும் திமிங்கலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கிரிலுக்கு ஓர் உச்ச அளவு, திமிங்கலத்துக்கு ஓர் உச்ச அளவு என்று தனித்தனியே வைக்க முடியாது, ஒன்றில் எடுப்பது மற்றதன் உச்சத்தையே மாற்றிவிடும் என்று காட்டினார்கள்.

கடலில் இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையைப் பார்க்கலாம். அங்கே காட் மீன்தான் வாழ்வாதாரமாக இருந்தது. 1968இல் பிடிப்பு எட்டு லட்சம் டன் அளவுக்குப் போனது. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு வடக்குக் காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. முதலில் இரண்டு ஆண்டு என்றுதான் அறிவித்தார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. தடை நீங்கியது 2024இல். அந்த ஆண்டு அனுமதித்த அளவு 18,000 டன். காட் மறைந்த பின் அது தின்றுவந்த இறாலும் பனி நண்டும் பெருகின, அவற்றைப் பிடிக்கும் தொழில் எழுந்தது. இது வோல்டெராவின் விதி சொன்னபடி. ஆனால் காட்டின் முக்கிய இரையான கேப்லின் அதே சமயம், 1990களின் தொடக்கத்தில், பெருகாமல் சரிந்தது. நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்த காலம் அது. மாதிரி பாதியைச் சரியாகச் சொன்னது, மறுபாதியைக் குளிர் எழுதியது. தீனியும் இல்லாமல் காட் எப்படி மீளும்?

இதைவிட நுட்பமான ஒன்று பால்டிக் கடலில் நடக்கிறது. அங்கே காட் மீன் ஸ்ப்ராட் என்ற சிறு மீனைத் தின்னும். ஸ்ப்ராட்டோ காட்டின் முட்டைகளைத் தின்னும். காட் நிறைந்த கடலில் ஸ்ப்ராட் அடங்கியிருக்கும், முட்டைகள் பிழைக்கும். காட்டைப் பிடித்துத் தீர்த்தால் ஸ்ப்ராட் பெருகும், எஞ்சிய காட் இடும் முட்டையையும் விடாது. யார் வேட்டை மீன், யார் இரைமீன் என்பதே தலைகீழாகிவிடுகிறது. வோல்டெராவின் மாதிரியில் வலையை எடுத்துவிட்டால் பழைய நிலை தானே திரும்பும். பால்டிக்கில் அப்படித் திரும்பும் என்று நம்பி இருக்க முடியாது. மீன்பிடித் தடை போட்டால் போதும், கடல் தானே தேறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அண்டார்டிக் கடல் உயிர்வளங்களைக் காக்கும் உடன்படிக்கை 1980இல் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்தது. பிடிக்கும் உயிரை மட்டுமல்ல, அதை நம்பி வாழும் உயிர்களையும் காக்க வேண்டும் என்று அதன் இரண்டாம் பிரிவு கட்டளையிடுகிறது. அதன் கீழ் இயங்கும் ஆணையம் கிரிலுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. ஓரின மாதிரி பாதியை விட்டுவைத்தால் போதும் என்னும். இந்த ஆணையமோ முக்கால் பங்கை, அதாவது நூற்றுக்கு 75ஐக் கடலிலேயே விடச் சொல்கிறது. அதிகப்படியாக விடும் அந்தக் கால் பங்கு பென்குவினுக்கும் சீலுக்கும் திமிங்கலத்துக்கும். பேரன்ட்ஸ் கடலில் நார்வேயும் ரஷ்யாவும் 2002இலிருந்து வேறொரு விதியைக் கடைப்பிடிக்கின்றன. கேப்லின் பிடிக்க அளவு வகுக்குமுன் அதைக் காட் எவ்வளவு தின்னும் என்பதைக் கழித்துவிடுகிறார்கள். கழித்த பிறகு முட்டையிடும் கேப்லின் 2 லட்சம் டன்னுக்குக் குறையாமல் இருக்க, நூற்றுக்கு 95 வாய்ப்பு இருந்தால்தான் அனுமதி. இல்லாவிட்டால் அந்த ஆண்டு கேப்லின் பிடிப்பே கிடையாது. 1980களில் கேப்லின் சரிந்து, காட் பட்டினி கிடந்ததைக் கண்ணால் பார்த்த கடல் அது.

இந்த இரண்டு விதிகளையும்தான் நான் உங்கள் முன் வைக்க வந்தேன். மீன்வளத் துறைகளில் பணிபுரியும் நண்பர்களும், அங்கே பணிக்குப் போக இருக்கும் மாணவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். இரைமீனுக்கு உரிமம் வழங்கும் எந்தக் கோப்பிலும் ஒரு கட்டம் சேருங்கள்: இந்த மீனை உண்டு வாழ்பவை எவை, அவற்றுக்காகக் கடலில் விடப்படும் அளவு எவ்வளவு? அந்தக் கட்டத்தில் எண் எழுதாமல் வரும் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.